செத்த பொறுங்க

எங்க தாத்தா இறந்தது தை மாசம், சம்பா அறுப்புக்கு நடுவுல. மன்னார்குடி பக்கத்துல கிராமம். விடியக்காலைல போயிட்டாரு, வாசல்ல பந்தல் போட்டாச்சு, ஃப்ரீசர் பாக்ஸ் வந்தாச்சு, அன்னைக்குன்னு பாத்து பத்து நாளா காத்துக்கெடந்த அறுப்பு மிஷினும் எங்க வயல் வரப்புக்கு வந்து நிக்குது. இப்ப விட்டா மறுபடி எப்ப கிடைக்கும்னு தெரியாது, வானம் வேற மூட்டமா இருக்கு, சாஞ்ச கதிர்ல ஒரு மழை விழுந்தா அந்த வருஷம் அவ்ளோதான். சித்தப்பா கண்ணத் தொடச்சிக்கிட்டே ஒருபக்கம் மிஷின் டிரைவர்கிட்ட போன்ல கெஞ்சுறாரு, இன்னொருபக்கம் எத்தன மணிக்கு எடுக்குறீங்கன்னு கேக்குறவங்களுக்கு பதில் சொல்றாரு. தலமாட்டுல உக்காந்து அழுதுக்கிட்டிருந்த அப்பாயி பட்டுனு அழுகைய நிறுத்தி, தாத்தா முகத்துக்கிட்ட குனிஞ்சு, திண்ணைல உக்காந்திருக்குறவருகிட்ட சொல்ற மாதிரி சொன்னாங்க. "இந்தாருங்க, புள்ள மிஷின வயல்ல எறக்கிவிட்டுட்டு வந்துடட்டும், செத்த பொறுங்க."

ஒரு நிமிஷம் பந்தல்ல சத்தமே இல்ல. முதல்ல சிரிச்சது பெரிய அத்தை, முந்தானைய வாயில வச்சு அடக்கிப் பாத்தாங்க, முடியல, அப்புறம் பக்கத்துல இருந்தவங்க, அப்புறம் சேர்ல உக்காந்திருந்த ஆம்பளைங்க, கடைசில என்ன சொன்னோம்னு புரிஞ்சு அப்பாயியே கண்ணுல தண்ணியோட சிரிச்சாங்க. அஞ்சு நிமிஷத்துல மறுபடி ஒப்பாரி. நான் அப்ப பிளஸ் டூ. எல்லாரோடயும் சேர்ந்து சிரிச்சிட்டேனேன்னு எனக்கு ரொம்ப நாள் உறுத்தல், தாத்தாவுக்கு துரோகம் பண்ணிட்டோம்னே நெனச்சேன்.

அந்த உறுத்தல் போனது திருச்சி ஹாஸ்டல்ல, ஒரு ஃப்ரெண்டோட ஹார்ட் டிஸ்க்ல இருந்த 'தி லேடி கில்லர்ஸ்' பாத்தப்பதான். 1955ல வந்த இங்கிலாந்து படம், ஈலிங் ஸ்டுடியோ எடுத்தது, டைரக்டர் அலெக்சாண்டர் மெக்கென்ட்ரிக். லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன் பக்கத்துல ரயில் பாதையப் பாத்தாப்ல ஒரு கோணல் வீடு, அதுல தனியா ஒரு பாட்டி. அவங்க வீட்டு மாடிய வாடகைக்கு எடுக்குறது ஒரு கொள்ளக் கும்பல், இசைக்குழுன்னு பொய் சொல்லி ரெக்கார்ட தட்டுல ஓடவிட்டுட்டு உள்ள திட்டம் போடுறாங்க. அறுபதாயிரம் பவுண்டு அடிச்சிட்டு வீட்டவிட்டு கெளம்புற நேரத்துல பெட்டி கதவுல மாட்டித் தெறந்து நோட்டெல்லாம் வாசல்ல கொட்டிடுது. பாட்டிக்கு விஷயம் புரியுற அதே நேரம் அவங்க தோழிங்க டீ குடிக்க வந்து நிக்குறாங்க. பாட்டி என்ன பண்றாங்க தெரியுமா, வந்திருக்குறவங்க முன்னாடி ஒழுங்கா மரியாதையா நடந்துக்கணும்னு கும்பல அதட்டுறாங்க, அந்த அஞ்சு பேரும், அலெக் கின்னஸ், பீட்டர் செல்லர்ஸ் எல்லாம் அதுல இருக்காங்க, ஸ்கூல் பசங்க மாதிரி கையில டீ கப்ப வாங்கிக்கிட்டு உக்காந்திடுறாங்க. அப்புறம் பாட்டிய யாரு கொல்றதுன்னு தீக்குச்சி வச்சு சீட்டு எடுக்குறாங்க, ஒருத்தனுக்கும் மனசு வரல.

எனக்கு அங்கதான் எங்க பந்தல் ஞாபகம் வந்துச்சு. நாம சிரிச்சது தாத்தாவப் பாத்து இல்ல, சாவு வந்து நடுவீட்டுல படுத்திருக்கும்போதும் வந்தவங்களுக்கு காபி போச்சா, சம்பந்தி வீட்டு கோடி வந்துச்சா, மிஷின் வாடகை என்னன்னு ஓடிக்கிட்டே இருக்குற நம்மளப் பாத்துதான். சாவ வச்சே சிரிக்க வைக்கிற பிளாக் காமெடில, நல்ல பிரிட்டிஷ் படம் எல்லாத்துலயும் இதுதான் உயிர். யாரும் கத்த மாட்டாங்க, ஓட மாட்டாங்க, பொணம் ஒருபக்கம் கெடக்கும், மரியாதை ஒருபக்கம் நடக்கும், ரெண்டையும் ஒரே ஃப்ரேம்ல காட்டிட்டு படம் சும்மா இருக்கும். பொணத்த ஒளிக்கிற நம்ம ஊர் சினிமா காமெடில எல்லாரும் தொண்ட கிழிய கத்துறாங்க, எனக்கு அதுல ஒட்டவே முடியல, நம்ம எழவு வீட்ல சிரிப்பு வர்ற விதமே வேற, அது மெதுவா முந்தானைக்குள்ள ஆரம்பிக்கும்.

அதே ஈலிங் ஸ்டுடியோவோட 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரொனெட்ஸ்' 1949, ராபர்ட் ஹேமர் படம். ஆரம்பமே ஜெயில்ல, தூக்கு போடுறவரு வர்றாரு, மறுநாள் காலைல ஒரு டியூக்க, அதாவது பெரிய பிரபுவ, தூக்குல போடணும், அவருக்கு இருக்குற கவலை அந்த ஆள எப்படி முறையா கூப்புடுறதுங்கிறதுதான். இதுல ஒரே குடும்பத்துல எட்டு பேரா அலெக் கின்னஸ் நடிச்சிருக்காரு, அட்மிரல், பாதிரியார், பலூன்ல பறக்குற ஒரு அம்மா உட்பட. அந்த அட்மிரல் தப்பான உத்தரவு குடுத்து கப்பல இடிக்க விட்டுட்டு, தப்ப ஒத்துக்காம, தண்ணி தொப்பி வரைக்கும் ஏறுற வரைக்கும் சல்யூட் அடிச்சிக்கிட்டே முங்குவாரு. அந்த மாதிரி பெரியவங்க நம்ம ஊர் பஞ்சாயத்துல எத்தன பேரு!

ஆனா அந்தப் படத்த நான் நெஞ்சுல வச்சிருக்குறதுக்கு காரணம் வேற. ஹீரோ லூயி எதுக்கு அந்தக் குடும்பத்துல அத்தன பேர கொல்லக் கெளம்புறான்? அவன் அம்மா அந்தப் பெரிய வீட்டுப் பொண்ணு, ஒரு பாட்டுக்காரர காதலிச்சு கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்காக வீடு ஒதுக்கி வச்சிடுது. சாகும்போது குடும்பக் கல்லறைல தன்னப் பொதைக்கணும்னு கேக்குறாங்க, அதுக்கும் எடம் கெடையாதுன்னு சொல்லிடுறாங்க. நான் வளர்ந்த ஊர்ல காதல் கல்யாணம் பண்ணுன பொண்ணுக்கு பெத்தவங்க உசுரோட தல முழுகுறதப் பாத்திருக்கேன், சுடுகாட்டுக்குப் போற பாதைக்காக பொணத்த எறக்கி வச்சிட்டு சேரி சனங்க வயல் வரப்புல நின்னதும் தெரியும். சாவுலயும் எடம் தரமாட்டேன்னு சொல்ற கோவத்த 1949லயே ஒரு படம் இவ்ளோ மெல்லிசான குரல்ல, நல்ல கோட்டு போட்டுக்கிட்டு சொல்லியிருக்கு. அப்ப இங்கிலாந்துல போர் முடிஞ்சு நாலு வருஷம், ரேஷன் கார்டு இன்னும் நடந்துக்கிட்டிருந்துச்சு, 1954ல தான் அது முழுசா நின்னுச்சு. குண்டு விழுந்த ஊருக்குள்ள பொழச்சவங்க எடுத்த படங்க இதெல்லாம், அதனாலதான் சாவுக்கு இதுல பயம் காட்டுற மூஞ்சி இல்லன்னு நான் நம்புறேன்.

பின்னாடி வந்ததுல 2007ல ஃப்ராங்க் ஆஸ் எடுத்த 'டெத் அட் எ ஃபியூனரல்' எனக்கு புடிக்கும், சவப்பெட்டிய தெறந்தா உள்ள வேற யாரோ இருக்காரு, அங்க ஆரம்பிச்சு ஒரே வீட்டுல ஒரே நாள்ல எல்லாம் நடக்கும். வெறும் ரத்தத்த தெறிக்க விட்டுட்டு காமெடின்னு சொல்றது எனக்கு ஒத்துவரல, அதுல செத்தவங்க மேலயும் பிரியம் இல்ல இருக்குறவங்க மேலயும் பிரியம் இல்ல.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அப்பாயிக்கு லேடி கில்லர்ஸ் போட்டுக் காட்டுனேன். லேப்டாப்ப கட்டில்ல வச்சு, பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன், கொஞ்ச நேரத்துல நீ சும்மா இரு எனக்கு தெரியுதுன்னுட்டாங்க. அந்தப் பாட்டியா நடிச்ச கேட்டி ஜான்சன் எழுபத்தஞ்சு வயசுக்கு மேல நடிச்சு, அதுக்கு பிரிட்டிஷ் அகாடமி அவார்டும் வாங்குனவங்கன்னு சொன்னேன், "வாங்கட்டும், நல்லா அதட்டுறா"ன்னாங்க. கும்பல்ல ஒருத்தர ஒருத்தர் கொன்னு, கீழ போற கூட்ஸ் வண்டில பொணத்த தள்ளிவிடுற எடம் வந்தப்ப முன்னாடி நகந்து உக்காந்தாங்க.

"இது நீடாமங்கலத்துல நெல்லு ஏத்துற வண்டியாட்டம்ல இருக்கு."

ஆமா அப்பாயி, கூட்ஸ்தான்.

"எந்த ஊருக்குப் போவுதுன்னு சொன்னானா?"

இல்ல, படத்துல சொல்லலன்னேன்.

"மூட்டை எறக்க வர்றவன் பாவம்டா, தம்பி"ன்னு சொல்லிட்டு, அடுத்த பொணம் விழுறதப் பாத்து, முந்தானைய எடுத்து வாயில வச்சிக்கிட்டாங்க.