பிளாஸ்டிக் மோதிரம்

3 மார்ச் 2025, திங்கள்

பயிற்சிக்கு வந்த தம்பி முதல் நாளே ஈய ஏப்ரனைத் தேடினான். கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் ஏற்றிப் படமெடுக்கும் எங்கள் பெட் ஸ்கேன் பக்கம் அது வெறும் பாரம்தான் என்றேன். எக்ஸ்ரேக்குப் போதுமான அந்த அரை மில்லிமீட்டர் ஈயத்தை, அந்தச் சர்க்கரையில் இருக்கும் கதிரியக்க ஃப்ளோரின்-18 தருகிற 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா கதிர் பெரும்பாலும் தாண்டி வந்துவிடும்.

"அப்ப நம்மள எது காப்பாத்தும்க்கா?"

"உன் ரெண்டு காலுதான். ஊசி போட்டதும் தள்ளிப் போயிடணும்."

விரல் மோதிரத்தையும் தப்பாகப் போட்டிருந்தான். கல் வைத்த மோதிரம் மாதிரி, கதிரை அளக்கும் சில்லு புறங்கைப் பக்கம். சிரிஞ்சு இருப்பது உள்ளங்கைப் பக்கம் அல்லவா! இப்படிப் போட்டால் அளவு குறைவாக வரும், அறிக்கை மட்டும் அழகாக இருக்கும். திருப்பிப் போட வைத்தேன்.

5 மார்ச், புதன்

ஏழு பேர். கடைசியாக ஒரு பாட்டி. டங்ஸ்டன் உறை போட்ட சிரிஞ்சால் ஊசி போட்டாயிற்று. இனி ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்க வேண்டும். பேசினால் தொண்டைத் தசை சர்க்கரையை இழுத்துக்கொண்டு படத்தில் மின்னும். நான் நழுவ வேண்டிய நேரம்.

"எங்கம்மா போற? செத்த கையப் பிடிச்சுக்க."

370 மெகாபெக்கரல் கதிரியக்கம் ஏற்றிய ஒருவரிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் மணிக்குச் சுமார் 34 மைக்ரோசீவர்ட் கதிர் நம் உடம்பில் ஏறும். கை பிடிக்கும் தூரம் அரை மீட்டர்கூட இல்லை. பிடித்தேன். குளிரூட்டியில் விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன. மோதிரத்தைத் தடவி, "கல்யாண மோதிரமா, பிளாஸ்டிக்குல?" என்றார்.

பேசாதீங்க பாட்டி!

சாயங்காலம், கதிரை அளக்கும் பாக்கெட் மீட்டரில் 21 மைக்ரோசீவர்ட். வழக்கமாக 15தான். தினமும் 21 என்றாலும், 250 வேலை நாளுக்கு 5 மில்லிசீவர்ட் சொச்சம் (ஆயிரம் மைக்ரோ ஒரு மில்லி). ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் வரை போகலாம். கணக்கு தெரியும். இருந்தும் எம்ஆர்டி ரயிலில் அந்த 21ஐயே நினைத்துக்கொண்டு வந்தேன்.

7 மார்ச், வெள்ளி

உடன் வேலை செய்யும் மலாய்த் தோழி முழுகாமல் இருப்பதைச் சொல்லிவிட்டார். வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு என்பதால் ஊசி அறைப் பக்கமே விடவில்லை. சந்தோஷம்தான். அவருடைய ஊசிகள் இனி எங்கள் மூவர் தலையில். தானாக ஊசி ஏற்றும் இயந்திரம் கேட்டு இரண்டு வருடமாயிற்று, பட்ஜெட் இல்லையாம்.

மாலையில் தம்பி வெறும் விரலோடு வந்து நின்றான். கையுறையோடு மோதிரத்தையும் உருவிக் கதிரியக்கக் குப்பையில் போட்டுவிட்டானாம். ஃப்ளோரினின் அரை ஆயுள், அதாவது கதிர் பாதியாகக் குறையும் நேரம், 110 நிமிடம். திங்கள் காலை அது வெறும் குப்பை, தாராளமாகத் துழாவலாம். ஆனால் அதுவரை மோதிரம் குடிக்கும் கதிரெல்லாம் அவன் பெயரில் ஏறுமே. விளக்கக் கடிதம் நான்தான் எழுத வேண்டும்.