செடி போய்ச் சேர்ந்தது, நினைவூட்டல் போகவில்லை

போனில் இருக்கும் 'செய்ய வேண்டியவை' ஆப், கெடு தாண்டிய வேலைகளைச் சிவப்பு எழுத்தில் காட்டும். ஒன்றிரண்டு சிவப்பாக இருந்த காலத்தில் பார்த்தாலே பதறும். இப்போது திரை முழுக்க அதே நிறம் என்பதால், ஏதாவது ஒன்று கறுப்பில் இருந்தால்தான் இது என்ன புதுசா இருக்கே என்று உற்றுப் பார்க்கிறேன்.

இதற்கு என்னை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்திலும் 'நாளைக்கு மாற்று' என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். அதைத் தொட்டால் வேலை கண்ணிலிருந்து மறைந்துவிடும், முடித்துவிட்டு டிக் அடித்தாலும் அதே மாதிரிதான் மறையும், என் மூளைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் நான் என்ன செய்ய?

சரி, இந்த லீவு நாளில் ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று 'இந்தப் பட்டியலை ஒழுங்கு பண்ணணும்' என்பதை உச்சியில் எழுதிவிட்டு உட்கார்ந்தேன். (அதே வரி கீழே ஏற்கெனவே இருந்தது. சிவப்பில்.)

அடியிலிருந்து ஆரம்பித்தேன். எல்லாவற்றுக்கும் பழையது இது: 'அவரிடம் அதைப் பற்றி உடனே கேட்கணும்!!!' எவரிடம், எதைப் பற்றி? ஆச்சரியக்குறிகளைப் பார்த்தால் தலைபோகிற விஷயம்தான். தலை இன்னும் இருக்கிறது. புளூமா ஜைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலைதான் மனதில் நன்றாகத் தங்கும் என்று. பிற்பாடு அதே சோதனையைச் செய்து பார்த்த எல்லோருக்கும் அந்த முடிவு கிடைக்கவில்லை. என்னைக் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

அடுத்தது, 'வாரன்டி முடியறதுக்குள்ள இஸ்திரிப் பெட்டியை சர்வீஸுக்குக் கொடு'. வாரன்டி முடிந்து, அப்புறம் இஸ்திரிப் பெட்டியே முடிந்து, அதன் இடத்துக்கு வேறொன்று வந்து, அதற்கும் வாரன்டி முடியப் போகிறது. அடித்துவிட்டேன். நண்பனுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கும் வேலை ஒன்று இருந்தது. தேதியைப் பார்த்தால் அவனுக்கு அடுத்த பிறந்தநாளே நெருங்கிவிட்டது, ஆக அது தாமதக் கணக்கிலிருந்து நேராக முன்னேற்பாட்டுக் கணக்குக்குத் தாவிவிட்டது. இப்படித் தானாகத் தீர்ந்த வேலைகள் கொத்துக்கொத்தாக வந்தன. கை வைத்திருந்தால்தான் வீண் அலைச்சல்.

செடிக்கு உரம் போடும் நினைவூட்டல் மட்டும் வேறு ரகம். வாரம் தவறாமல் வரும்படி போட்டு வைத்தது. செடி எப்போதோ காய்ந்து, தொட்டியில் மகள் பழைய பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறாள், ஆனால் நினைவூட்டல் மட்டும் சாகாவரம் பெற்றது மாதிரி டிங் என்று வந்து நிற்கும், நானும் 'முடிந்தது' என்று தட்டுவேன்.

"செடிதான் செத்துப்போச்சேப்பா, அப்புறம் எதுக்கு டிக் பண்றீங்க?"

"வாரத்துக்கு ஒண்ணாவது முடிஞ்ச மாதிரி இருக்கட்டும்மா."

ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

அப்புறம் வந்தது கதவு. 'மகள் ரூம் கதவு கீலுக்கு எண்ணெய் - 5 நிமிடம்' என்று எழுதியிருந்தேன். எண்ணெய் டப்பா கிடைத்தது, மூக்கு அடைத்திருந்தது. குத்தி எடுக்க ஊசி வேண்டும், ஊசி தையல் டப்பாவில் இருக்கும், அந்த டப்பா அலமாரியின் மேல்தட்டில், அதை இறக்க ஸ்டூல், ஸ்டூலுக்கு ஒரு கால் ஆட்டம் (இதுவும் பட்டியலில் உண்டு). டப்பாவைத் திறந்தால் உள்ளே அலமாரியின் மாற்றுச் சாவி! 'மாற்றுச் சாவி எங்கேன்னு தேடணும்', டிக். அந்த உற்சாகத்தில் ஸ்டூல் காலையும் இறுக்கி, ஸ்க்ரூ டிரைவர் கையில் இருக்கும்போதே ஆடிய கைப்பிடி ஒன்றையும் முடுக்கி, கடைசியில் கீலுக்கு வந்தபோது மதியம் போயே போய்விட்டது.

கனடாவில் ரோஜர் பியூலரும் இன்னும் இரண்டு பேரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? கிட்டத்தட்ட 49 நாள். முடித்தவர்களுக்கு ஆனது சுமார் 55 நாள். அதாவது சொதப்பலைக்கூடச் சரியாகக் கணக்குப் போட வரவில்லை. என் 5 நிமிடத்துக்கு அவர்கள் எவ்வளவோ தேவலாம்.

இதில் வேடிக்கை, இத்தனையும் நடந்தது உச்சியில் இருந்த அந்த ஒரு வேலையைத் தவிர்க்கத்தான். பட்டியலை ஒழுங்கு பண்ண உட்கார்ந்தவன் அதிலிருந்து தப்பிக்க எண்ணெய் டப்பாவோடு அலைந்திருக்கிறேன். ஜான் பெர்ரி என்ற தத்துவப் பேராசிரியர் இதைக் கொள்கையாகவே ஆக்கியவர்: பயமுறுத்தும் வேலை ஒன்றை மேலே வைத்துவிட்டால், அதைச் செய்யாமல் இருப்பதற்காகவே கீழே உள்ளவற்றை எல்லாம் செய்து முடிப்பீர்கள் என்பது அவர் கட்சி. அந்தக் கட்டுரையையே, திருத்த வேண்டிய விடைத்தாள்களிலிருந்து தப்பிக்கத்தான் எழுதுகிறேன் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார். இதற்கு 2011-இல் இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசும் (சிரிக்க வைத்து, பிறகு யோசிக்க வைப்பவர்களுக்குத் தரும் வேடிக்கை நோபல்) கொடுத்தார்கள். எனக்கு இதெல்லாம் பிறவியிலேயே வருகிறது, பரிசுதான் வரவில்லை.

சாயந்திரம் கதவைத் திறந்து மூடிக் காட்டினேன். பொட்டுச் சத்தம் இல்லை. மகள் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"போச்சு. நீங்க வர்றது இனிமே எனக்கு எப்படித் தெரியும்?"

இத்தனை நாள் அந்தக் கிரீச்தான் அவளுக்குக் காவல் நாயாம். அது கேட்ட மறுநொடி போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுப் புத்தகத்தைத் திறந்துவிடுவாளாம். கோபத்தில் தானே உளறிவிட்டாள். அடுத்த லீவில் அவளாகவே அந்தக் கீலைத் துடைத்து எண்ணெயை எடுக்கப் போகிறாளாம். அவளுடைய பட்டியலில் ஏற்றிக்கொண்டாள், ஆகவே எனக்கு இப்போதைக்குக் கவலை இல்லை.