திருமலைக்குக் கொண்டுபோன காணிக்கை

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குப் புறப்பட்டோம். எங்கள் மகன் நீண்ட காய்ச்சலிலிருந்து எழுந்தால் திருமலை தூய மரியாள் பேராலயத்துக்கு வருவதாக மனைவி வைத்திருந்த நேர்த்தியை நிறைவேற்றவே இந்தப் பயணம். அவள் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். நான் மெதடிஸ்த குடும்பத்தில் வளர்ந்தவன். ஆகையால் எங்கள் வீட்டில் வேதாகமத்தின் இரண்டு மொழிபெயர்ப்புகள் உண்டு. அவற்றையொட்டிய சிறு சிறு விவாதங்களும் உண்டு.

என் சட்டைப் பையில் இருபதாயிரம் ரூபாய் வைத்த உறை ஒன்று இருந்தது. கடையின் மாத வரவில் கடவுளின் பங்கை எடுத்து வைத்த பின்னரே மற்றச் செலவுகளைப் பார்ப்பது எங்கள் வழக்கம். "கடவுளுக்கு முதலிடம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லியும் வந்திருக்கிறேன்; அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

1852ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அந்தப் பேராலயம், மரங்களுக்குப் பின்னே வான்நீல நிற முகப்போடு அமைதியாக நிற்கிறது. 1893இல் திருகோணமலை தனி மறைமாவட்டமானது. பின்னர் மட்டக்களப்பின் பெயரும் அதனுடன் சேர்ந்தது. 2012இல் இரண்டும் தனித்தனி மறைமாவட்டங்களாகப் பிரிந்தன. திருப்பலிக்கு நேரம் இருந்தது. மனைவி மெழுகுதிரி ஏற்றச் சென்றபோது அவளுடைய திருவிவிலியத்தை எடுத்து, எனக்கு மனப்பாடமான வசனத்தையே தேடினேன். மத்தேயு ஆறாம் அதிகாரத்தின் முப்பத்து மூன்றாம் வசனத்தை, "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்" என்று பழைய மொழிபெயர்ப்பில் சிறுவயதிலேயே படித்திருந்தேன். அவளுடைய பொது மொழிபெயர்ப்போ "அவருக்கு ஏற்புடையவற்றையும்" என்கிறது. எது சரி என்று நாங்கள் பலமுறை வாதிட்டிருக்கிறோம். ஆனால் அன்று என்னைத் தடுத்து நிறுத்தியது அந்த வேறுபாடு அன்று. எந்த மொழிபெயர்ப்பானாலும் வசனத்துக்கு இரண்டாம் பாதி ஒன்று இருக்கிறது. நான் இத்தனை காலமும் "முதலாவது" என்ற சொல்லோடும் "ராஜ்யம்" என்ற சொல்லோடும் நின்றுவிட்டு, நீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றே வாழ்ந்திருக்கிறேன்.

ஒரு பக்கம் முன்னே புரட்டினால் ஐந்தாம் அதிகாரத்தில் இன்னொரு "முதலில்" இருக்கிறது. கிரேக்க மூலத்தில் இரண்டு இடங்களிலும் "புரோட்டோன்" என்ற ஒரே சொல்தான். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகி, பிறகு வந்து செலுத்து என்பது அங்குள்ள கட்டளை. அதில் நான் ஒருபோதும் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இயேசு சொல்லவில்லை. உன்மேல் அவனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால் என்றே சொல்கிறார்.

எனக்கு நினைவுக்கு வந்தவர் எங்கள் பின்மதிலைக் கட்டிய மேசன் பாஸ். திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியாப் பக்கத்தவர், வவுனியாவில் உறவினர் வீட்டில் தங்கி வேலை செய்தவர். மழைக் காலத்தில் இரண்டு கிழமை சொல்லாமல் நின்றுவிட்டார் என்பதற்காக, பேசிய கூலியில் மிச்சமிருந்த பதினெண்ணாயிரம் ரூபாயை நான் கொடுக்கவில்லை. அவர்மேல் எனக்கிருந்த குறையை வரிசையாகச் சொல்ல என்னால் முடியும். ஆனால் வசனம் என் கணக்கைக் கேட்கவில்லை. வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. காணிக்கை நேரத்தில் உறையை வெளியே எடுக்கவில்லை. மனைவி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

திருப்பலி முடிந்து, பிள்ளைகள் மான்களைப் பார்க்க வேண்டும் என்றதால் பிரெட்ரிக் கோட்டைக்குப் போனோம். கோணேசர் கோவிலுக்குச் செல்லும் பாதை அதன் வாசல் வழியாகவே ஏறுகிறது. வாசலருகே இரட்டைக் கயல் பொறித்த கல்லும், மன்னன் குளக்கோட்டன் முன்னே கோவிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான் என்ற பொருள்பட வரும் செய்யுளும் உள்ளன. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டன்டீனு டி சாவின் காலத்தில், 1620களின் தொடக்கத்தில், போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து அதன் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையை எழுப்பினர். தங்கள் கடவுளுக்கு முதலிடம் கொடுப்பதாகவே அவர்களில் பலர் நம்பியிருப்பார்கள். ஒரு கிறிஸ்தவன் அந்த வாசலைக் கடக்கும்போது தலை நிமிர்ந்து நடப்பது எளிதன்று. மேலே சுவாமி மலையில், 1963இல் குடமுழுக்குக் கண்ட இன்றைய கோவிலுக்கு அர்ச்சனைத் தட்டுகளோடு மக்கள் ஏறிக்கொண்டிருந்தனர். பறங்கியைக் குறை சொல்வது வசதியானது. என் பையில் கிடந்த காணிக்கையும் பிறர் சுவரிலிருந்து பெயர்த்த கல்தானே என்ற எண்ணம் அவ்வளவு வசதியாக இல்லை.

நாங்கள் வந்த வான் வண்டியருகே வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"மாதாவுக்கெண்டு வைச்ச காசை மேசனுக்குக் குடுக்கிறதோ? வேற காசு எடுத்துக் குடுங்கோவன்."

அவள் கேள்வி நியாயமானது. கடவுளுக்கென்று ஒதுக்கியதைத் திரும்ப எடுப்பது அவரைப் பின்னுக்குத் தள்ளுவதாகாதா? ஆனால் இதே கேள்வி மாற்கு ஏழாம் அதிகாரத்தில் வருகிறது. பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் "கொர்பான்", அதாவது கடவுளுக்கான காணிக்கை, என்று சொல்லிவிட்டுக் கடமையிலிருந்து விலகியவர்களை இயேசு கடிந்துகொண்டார். வேறு காசு கையில் இருந்திருந்தால் அதையே கொடுத்திருப்பேன், இருக்கவில்லை. அது மாதாவின் காசே அன்று, அந்த மனிதனின் காசு என்றேன். சிறிது நேரம் கழித்து, "அப்ப போற வழிதானே, போவம்" என்றாள்.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் காண எங்களுக்கு நேரமில்லை. தன் தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியவை என்று மக்கள் சொல்லும் கிணறுகள் அவை. பட்ட கடனை நினைவூட்ட அந்தப் பெயர்ப்பலகையே அன்று போதுமாக இருந்தது. இரண்டு இடங்களில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். அவர் முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டபோது முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. காசை வாங்கி, எச்சில் தொட்டு இருமுறை எண்ணினார்.

"ஐயா, கையாளுக்கு நான் என்ர கையால மூவாயிரத்து ஐந்நூறு குடுத்தனான். அது இதில இல்லை."

நெகிழ்ச்சியான ஒரு காட்சியை எதிர்பார்த்து வந்த எனக்குச் சுருக்கென்றது. உறையில் எஞ்சியிருந்த இரண்டாயிரத்தோடு, எரிபொருளுக்கு வைத்திருந்ததில் ஆயிரத்து ஐந்நூறையும் சேர்த்துக் கொடுத்தேன். அதன் பிறகுதான் தேநீர் வந்தது. மழைக்குப் பிறகு மதிலின் மேற்பூச்சு எங்காவது வெடித்ததா என்று கேட்டார். மூலையில் ஓரிடத்தில் வெடித்திருக்கிறது என்றேன். வியாழக்கிழமை வந்து பூசித் தருவதாகச் சொன்னார், வெள்ளிக்கிழமைதான் வந்தார்.