தொப்புள் குழிவதும் துருத்துவதும்

தாதி தொப்புள்கொடியைச் சரியாக வெட்டாததால்தான் பிள்ளையின் தொப்புள் துருத்திக்கொண்டிருக்கிறது என்று எங்கள் உட்லண்ட்ஸ் புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடும் பாட்டிமார் இன்றும் உறுதியாகச் சொல்கிறார்கள். பாவம், அந்தத் தாதிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. வெட்டிய பின் எஞ்சும் துண்டு, பெரும்பாலும் 1 முதல் 3 வாரங்களுக்குள் காய்ந்து, வெட்டிய இடத்தில் அல்லாமல் வயிற்றுத் தோலின் எல்லையில் தானாகவே உதிர்கிறது. அங்கே உருவாகும் தழும்பு வயிற்றுச் சுவருடன் எவ்வாறு ஒட்டுகிறது, கொடியின் அடியில் தோல் எவ்வளவு ஏறியிருந்தது, சுற்றிலும் கொழுப்பு எவ்வளவு சேர்கிறது என்பவற்றைப் பொறுத்தே தொப்புளின் வடிவம் அமைகிறது. சில குழந்தைகளுக்குத் தொப்புள் வளையம், அதாவது கொடி நுழைந்த வயிற்றுச் சுவரின் துளை, முழுமையாக மூடாமல், அதன் வழியே குடல் வெளித்தள்ளும் குடலிறக்கத்தால் தொப்புள் புடைப்பதும் உண்டு; அது பெரும்பாலும் 5 வயதுக்குள் தானே சரியாகிவிடும் என்பதால், புடைப்பை அமுக்க 50 காசு நாணயத்தை அதன்மேல் வைத்துக் கட்டுவது வீண் வேலை, தோலைப் புண்ணாக்கவும் கூடும். புடைப்பு கெட்டியாகி, குழந்தை வாந்தியெடுத்து வீரிட்டு அழுதால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.