ஹெல்மெட் தலையில இருந்தும் ஃபைன்: சிட்னில நான் பட்ட பாடு

இன்னும் ஆத்திரம் அடங்கல, அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

பாரமட்டா பக்கத்துல இருந்து ஆறு வருஷமா சைக்கிள்லதான் வேலைக்குப் போயிட்டு வர்றேன், இதுவரைக்கும் ஒரு ஃபைன் வாங்கினது இல்ல. அன்னைக்குக் காலைல கிளம்பும்போது ஹெல்மெட்டோட பக்கிள் உடைஞ்சிருச்சு. அந்த பிளாஸ்டிக் கொக்கி ரெண்டுல ஒண்ணு முறிஞ்சு, மாட்டினா நிக்காம வழுக்கிட்டு வந்துடுது. சாயங்காலம் புதுசு வாங்கிக்கலாம்னு ஸ்ட்ராப்பைத் தொங்க விட்டுட்டு அப்படியே போயிட்டேன். சிக்னல்ல நின்னப்போ போலீஸ் ஓரமா வரச் சொன்னாங்க. தலையில ஹெல்மெட் இருக்கேன்னு சொன்னா, "ஸ்ட்ராப் மாட்டலன்னா போடாத கணக்குதான்"ங்கிறார். வீட்டுக்கு வந்து படிச்சுப் பாத்தேன், சட்டம் நிஜமாவே அப்படித்தான் இருக்கு: ஹெல்மெட் தலையில சரியா பொருந்தி, ஸ்ட்ராப்பும் மாட்டியிருக்கணும். சைக்கிள்ல பெல் வேற இல்ல, அதுக்குத் தனி ஃபைன் போட்டிருக்கலாம், நல்லவேளை வாயால சொல்லிட்டு விட்டுட்டார்.

பேரு, அட்ரஸ் எழுதிக்கிட்டு, நோட்டீஸ் தபால்ல வரும்னு சொல்லிட்டாங்க. தயவுசெஞ்சு அவங்க எழுதற அட்ரஸை அங்கயே ஒரு தடவை படிச்சுக் காட்டச் சொல்லுங்க. எனக்கு யூனிட் நம்பரை விட்டுட்டாங்க. எங்க பில்டிங்ல நாப்பது வீடு இருக்கு, நம்பர் இல்லாத தபாலை போஸ்ட்மேன் மெயில்பாக்ஸ் மேலயே போட்டுட்டுப் போயிடுவார்.

நாலு வாரம் ஆச்சு, ஒண்ணும் வரல. பயந்துபோய் அரை நாள் லீவு போட்டு போலீஸ் ஸ்டேஷன் போனேன். "ஃபைன் போட்டதோட எங்க வேலை முடிஞ்சுது, வசூல் பண்றது வேற ஆபீஸ்"னு அனுப்பிட்டாங்க. சரின்னு அரசாங்க சேவை கவுன்ட்டருக்குப் போய் வரிசையில நின்னா, அங்க இருந்த அம்மா நிமிர்ந்துகூட பாக்காம "நோட்டீஸ் நம்பர் இருக்கா?"ன்னு கேட்டாங்க. நோட்டீஸே வரலங்கிறதுதாங்க என் பிரச்சனைன்னு சொன்னா, "நம்பர் இல்லாம சிஸ்டத்துல தேட முடியாது." லைசென்ஸைக் காட்டிப் பேரை வச்சுத் தேடச் சொல்லி ரெண்டு தடவை கேட்டேன், மாட்டவே மாட்டேன்னுட்டாங்க. அரை நாள் லீவு போனதுதான் மிச்சம்.

அப்புறம் நோட்டீஸ் எங்க கிடைச்சுது தெரியுமா, ரெண்டாவது மாடி அக்காகிட்ட. மழையில நனைஞ்சு கிடந்துதேன்னு எடுத்து வச்சிருந்தாங்களாம், "உன் பேரு மாதிரி இருந்துதுப்பா, ஊருக்குப் போயிட்டேன், கொடுக்க மறந்துட்டேன்"னு சொன்னாங்க. பாவம், அவங்க மேல தப்பு இல்ல. ஆனா அதுக்குள்ள கெடு தாண்டி, தாமதக் கட்டணம் 65 டாலர் மேல ஏறிடுச்சு.

தொகையைப் பாத்ததும் வயிறு எரிஞ்சுது. 2016 மார்ச் 1க்கு முன்னாடி, சிட்னி இருக்கற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துல ஹெல்மெட் இல்லன்னா 71 டாலர்தான். அன்னைக்கு ஒரே நாள்ல 319 ஆக்கினாங்க, சிவப்பு சிக்னல் தாண்டினா 71ல இருந்து 425. அதுக்கப்புறமும் ஏறிக்கிட்டேதான் இருக்கு. நான் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின சைக்கிளே அவ்வளவு விலை இல்ல.

ரிவ்யூ கேக்கலாம், ஆன்லைன்லயே முடியும், நோட்டீஸ் நம்பரும் குற்றம் நடந்த தேதியும் இருந்தா போதும், அது பரிசீலனையில இருக்கும்போது கட்ட வேண்டாம். நான் செஞ்ச தப்பைச் சொல்றேன், நீங்க செய்யாதீங்க. புது ஹெல்மெட் வாங்கின ரசீதை வச்சு அனுப்பினேன், ஃபைன் போட்டதுக்கு அப்புறம் வாங்கினது காரணம் ஆகாதுன்னு நிராகரிச்சுட்டாங்க. உடைஞ்ச பக்கிளை அந்த இடத்துலயே நேரம் தெரியற மாதிரி ஃபோட்டோ எடுத்திருக்கணும், எனக்கு அப்போ அந்த யோசனையே வரல, பழைய ஹெல்மெட்டைக் குப்பையில வேற போட்டுட்டேன். கோர்ட்டுக்குப் போற வழியும் இருக்கு, ஆனா தோத்தா செலவு இன்னும் கூடும்னு விட்டுட்டேன்.

ஜெயிச்சது ஒண்ணே ஒண்ணு, அந்த 65 டாலர். வாடகை ஒப்பந்தத்துல இருக்கற யூனிட் நம்பரையும், தபால் கவர்ல அது இல்லாததையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஸ்கேன் பண்ணி அனுப்பினேன், ரத்து பண்ணிட்டாங்க. அந்த கவரைத் தூக்கிப் போடாம வச்சிருந்ததுதான் காப்பாத்துச்சு. மீதியைத் தவணையில கட்டறேன், கேட்டா கொடுக்கறாங்க. சைக்கிள் ஃபைனுக்கு டீமெரிட் பாயின்ட் (தப்பு பண்ணினா லைசென்ஸ்ல ஏர்ற தண்டனைப் புள்ளி) கிடையாது, அதனால கார் லைசென்ஸை நினைச்சு பயப்பட வேண்டாம்.

ஆபீஸ்ல சைக்கிள்ல வர்றவங்ககிட்ட சொன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. விழுந்து மண்டையில அடிபட்ட ஒருத்தர், ஹெல்மெட்தான் தன்னைக் காப்பாத்துச்சு, எவ்வளவு ஃபைன் போட்டாலும் சரிதாங்கிறார். இன்னொருத்தர், 1991ல இருந்து இந்தச் சட்டம் இருக்கு, ஆறு தெரு தள்ளிக் கடைக்குப் போறவனும் இதனாலதான் கார் எடுக்கறான்னு சண்டைக்கு வர்றார். நான் ஹெல்மெட் வேண்டாம்னு சொல்லல, நான் தினமும் போடறவன். கொக்கி உடைஞ்சவனுக்கும் ஹெல்மெட்டே இல்லாதவனுக்கும் ஒரே தொகையாங்கிறதுதான் என் கேள்வி.

இன்னொண்ணும் இருக்கு. ஃபைனை ஏத்தின அதே 2016 மார்ச் 1லதான், 60 கிலோமீட்டர் வரைக்கும் வேக வரம்பு உள்ள ரோட்டுல சைக்கிளைத் தாண்டற வண்டி ஒரு மீட்டர் தள்ளிப் போகணும், அதுக்கு மேல ஒன்றரை மீட்டர்னு ரூலும் வந்துச்சு. இந்த ஆறு வருஷத்துல அதுக்காக போலீஸ் ஒரு காரை நிறுத்தி நான் பாத்தது இல்ல. பெல்லும் புது ஹெல்மெட்டும் மாட்டிட்டுத்தான் இன்னைக்குக் காலைல கிளம்பினேன், ஒரு வெள்ளை வேன் முழங்கையை உரசற மாதிரி போச்சு, ஹேண்டில் ஆடிடுச்சு, நிமிர்ந்து நம்பர் பாக்கறதுக்குள்ள சிக்னலைத் தாண்டிப் போயிட்டான்.