பலூனில் ஒட்டியது ரேடான் இல்லை

கதிரியக்கத்தை எண்ணும் கைகர் கவுண்டர் கைக்கு வந்த அன்றே, மண்ணிலும் கல்லிலும் இருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானைக் கிராமத்து வீடுகளில் அளந்துவிடலாம் என்று கிளம்பினேன். முதல் தப்பு அங்கேதான். மண்சுவர் வீடு இரண்டு, கருங்கல் ஒன்று, சிமெண்டு ஒன்று. ஒவ்வொன்றிலும் கூடத்தின் நடுவில் பத்து நிமிடம் எண்ணவிட்டேன். 214, 227, 241, 219. கருங்கல் வீடுதான் அதிகம் என்று நோட்டில் அடிக்கோடு வேறு.

இரவு உட்கார்ந்து பார்த்தால், 220 எண்ணிக்கை வரும் இடத்தில் அதன் வர்க்கமூலம், அதாவது 15 வரை, ஏறி இறங்குவது சகஜம். அடிக்கோட்டை அடித்தேன். மறுநாள் கல் வீட்டிலும் சிமெண்டு வீட்டிலும் ஒரு மணி நேரம் வீதம்: 1,437, 1,302. இப்போது வித்தியாசம் ஓரளவு நம்பும்படி இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் கல்லில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 தரும் காமா கதிர். ரேடான் உமிழும் ஆல்ஃபா துகள் என் உலோகக் குழாய்க்குள் நுழையவே நுழையாது.

பிறகுதான் பலூன். தலைமுடியில் நன்றாகத் தேய்த்து மின்னூட்டம் ஏற்றி, இரவு முழுக்க மூடிக்கிடந்த மண்சுவர் அறையில் முக்கால் மணி நேரம் தொங்கவிட்டேன். "அதை எதுக்குப்பா தொங்கவிட்டுட்டு, பிள்ளைகிட்ட குடு" என்றார் அந்த வீட்டுப் பாட்டி. காற்றைப் பிடுங்கிச் சுருட்டிக் குழாயோடு சேர்த்து வைத்தேன். நிமிடத்துக்கு 22 இருந்தது 61 ஆனது! தேய்க்காத பலூனில் 23தான்.

பலூன் இல்லாமலே வரும் பின்னணி எண்ணிக்கையைக் கழித்த மிச்சம் சுமார் நாற்பது நிமிடத்தில் பாதியானது. ரேடானின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், 3.8 நாள், ஆக ஒட்டியது ரேடான் இல்லை, அது சிதைந்து பிறந்த ஈயம்-214 (27 நிமிடம்), பிஸ்மத்-214 (20 நிமிடம்). இதைப் பெக்கரலாக (நொடிக்கு எத்தனை சிதைவு என்ற அளவு) மாற்ற முடியாது. காற்றில் ஈரம் இருந்தால் பலூனின் மின்னூட்டம் ஓடிவிடும், எண்ணிக்கையும் படுத்துவிடும்.

ஐந்து மணி நேரம் கழித்தும் பலூன் பின்னணிக்கு இறங்கவில்லை. ஒரு மணி நேர எண்ணிக்கை 1,450. வெற்றுக் குழாய்க்கு 1,310. தோரியத்திலிருந்து வரும் ரேடான் வகையான தோரானின் வாரிசு ஈயம்-212, அரை ஆயுள் 10.6 மணி நேரம், என்பது என் ஊகம். தோரான் ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் பாதியாகிவிடும் என்பதால் சுவரை ஒட்டியே அடர்ந்திருக்கும்.

அதனால் ஆல்ஃபா தடம் பதியும் எல்.ஆர்-115 பிளாஸ்டிக் படலத்தைச் சுவரிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் தள்ளித்தான் கட்டியிருக்கிறேன். தொண்ணூறு நாள் தொங்க வேண்டும். பிறகு சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து ஆல்ஃபா தடங்களை எண்ணி, உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் சொன்ன கன மீட்டருக்கு 100 பெக்கரலோடு ஒப்பிட வேண்டும். படலத்தின் மேல் கை வைக்கவே கூடாது என்று பாட்டியிடம் சொல்லியாயிற்று.