உருவி வீசிய தாள்

ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுவது என் வேலை. சேர்ந்த முதல் வருடம் என் தாள்கள் எல்லாம் சிவப்பு மையோடுதான் திரும்பி வரும். வசனம் வாயசைவுக்குச் சரியாக உட்கார்ந்திருக்கும், ஆனால் ல, ள, ழ மூன்றும் இடம் மாறிக் கிடக்கும். "எழுத்தே சரியா வராதவங்களுக்கு இங்க என்ன வேலை?" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்கள். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தொலைக்காட்சித் தொடர் எழுத்தாளர் ஸ்டீபன் ஜே. கேனலைப் பற்றிப் படித்தேன். எண்பதுகளின் அமெரிக்கத் தொடர்களைப் பார்த்தவர்களுக்கு அவர் முகம் தெரிந்திருக்கும். தொடர் முடிந்ததும் ஒருவர் டைப்ரைட்டரில் தட்டிவிட்டு, தாளை உருவிக் காற்றில் வீசுவார், அது பறந்துபோய் நிறுவனச் சின்னமாக மாறும். அவரேதான்.

கேனலுக்கு டிஸ்லெக்சியா இருந்தது, அதாவது படிப்பதிலும் பிழையில்லாமல் எழுதுவதிலும் சிரமம் தரும் குறைபாடு. பள்ளியில் திரும்பத் திரும்பத் தோற்றார், ஆனால் காரணம் அவருக்கே தெரியாது. பல வருடம் கழித்து மகளுக்குச் சோதனை செய்தபோதுதான் தனக்கும் அதுதான் என்று புரிந்தது. ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் சாலிஸ்பரி என்ற ஆசிரியர் எழுத்துப் பிழைகளைத் தாண்டி உள்ளே இருந்த எழுத்தைப் பார்த்தார். ஒரு ஆள் அப்படிப் பார்த்தால் போதும், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

படிப்பு முடிந்ததும் நேராக ஹாலிவுட் போய்விடவில்லை. பகலில் அப்பாவின் வீட்டு அலங்கார நிறுவனத்தில் வேலை, மாலையில் வந்து எழுத்து, இப்படியே சில வருடங்கள் ஓட்டியிருக்கிறார். எனக்கு அவருடைய வெற்றிகளைவிட இந்த வருடங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன, ஏனென்றால் அப்போது அந்தத் தாள்களை யாரும் கேட்கவில்லை, அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் 'ஆடம்-12' போலீஸ் தொடரில் இடம் கிடைத்தது. 1974இல் ராய் ஹக்கின்ஸோடு சேர்ந்து 'தி ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ்', 1983இல் ஃபிராங்க் லூப்போவோடு 'தி ஏ-டீம்'. நடுவில், 1979இல், சொந்த நிறுவனம் தொடங்கினார். எழுதியவரே தயாரிப்பாளரும் ஆனதால், தொடர்களின் உரிமை பெரிய ஸ்டூடியோக்களிடம் போகாமல் அவரிடமே இருந்தது. பிற்பாடு நாவலும் எழுதினார். 2010இல் இறக்கும்போது, அவர் உருவாக்கியதும் சேர்ந்து உருவாக்கியதுமாக ஏறக்குறைய நாற்பது தொடர்கள். இத்தனைக்கும் எழுத்துப் பிழை அவரை விட்டுப் போகவே இல்லை. அவர் தட்டித் தந்ததை உதவியாளர்கள் திருத்தினார்கள்.

நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். என் தாளை முதலில் பக்கத்து மேசைத் தோழியிடம் கொடுத்துவிடுவேன், அவர் ல, ள, ழ பார்த்துத் தருவார். வசனத்தில் கை வைக்க மாட்டார்.